வெறுங்கால் நடை

இல்ல அனுஷா, உள்ள வேணாம்மா. நான் இங்கயே, கேட்டுக்கு வெளிய, இந்தக் கல்லு பெஞ்சுல உக்காந்துக்கிறேன். நீ அந்த போர்டை இங்கயே பிரிச்சுக் காட்டு. முட்டி வலின்னு வெச்சுக்கயேன். ஆமா, நின்னுக்கினேதான் வந்தேன். ஈஜிபுராவுல இருந்து சில்க் போர்டு ஸ்டாப்பு, அங்க இருந்து அத்திபெலே பஸ்சு. லேடீஸ் சீட்டுல உக்காந்துக்கினு இருந்தவன் என்னைப் பாத்ததும் கண்ணை மூடிக்கினான். தூங்கறானாம்.

அட, பெருசாத்தான் இருக்குது. ஜெயராஜ் வனம். மேல கன்னடம், கீழ இங்கிலீஷு. தமிழ்ல போடலியான்னு நான் கேக்க மாட்டேன்மா, எதுக்கு வம்பு. அவரும் கேட்டிருக்க மாட்டாரு. இதைப் பாத்திருந்தா எந்தப் பக்கம் ஓடலாம்னு தேடியிருப்பாரு. கல்யாண போட்டோவுலயே என் பின்னால பாதி ஒளிஞ்சுக்கினு நிக்கற மனுஷன்.

கீழ சின்ன எழுத்துல என்னமோ இருக்குதே, எனக்குத் தெரியல. நீயே படி.

ம். தன் கையால் வைத்த முள்ளுக்கே உயிரைக் கொடுத்தவர்னு அர்த்தமா? யாரு எழுதுனது, டேரிலா? நெனச்சேன். நல்ல பையன்தான், ஆனா பஸ் லேட்டுன்னு சொல்றதுக்குக்கூட கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சொல்லுவான். இந்த வரி எதுக்கும்மா? பேரு மட்டும் இருந்தா போதாதா? பெயிண்ட்டு காஞ்சுபோச்சா. சரி. சரி, விடு. நான் ஒண்ணும் சொல்லல.

அழுவல. வெயிலு.

நான் போர்டு பாக்கறதுக்குன்னு வரல அனுஷா. போன்ல சொன்னா நீ சரி ஆன்ட்டி சரி ஆன்ட்டின்னு வெச்சிருவே, அதான் நேர்லயே வந்தேன். சனிக்கிழமை ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிக்கினு வந்து உள்ள வெறுங்கால் நடைன்னு நோட்டீஸ் போட்டிருக்கீங்கல்ல. அது வேணாமே. அது மட்டும் வேணாம்.

தெரியும், அவரு ஆரம்பிச்ச வழக்கம்தான். நீ இந்தக் காட்டு டிரஸ்டுல சேந்ததே அவரு போனதுக்கப்பறம். அவரை நீ கண்ணால பாத்ததில்ல. அவரு வழக்கத்தை நீ எனக்குச் சொல்லித் தர்றே. நல்ல கதைடி. கோச்சுக்காத, என் பொண்ணு ஜூலியாவையும் இப்டித்தான் பேசுவேன்.

இந்த எடம் எப்டி இருந்துச்சு தெரியுமா உனக்கு? ஏரிக்கரை புறம்போக்கு. பெங்களூர்ல எங்க எந்த வீட்டை இடிச்சாலும் அந்தக் கல்லும் மண்ணும் இங்க வந்து விழும். மீதி எடம் பூரா தைல மரம். ஒரு குருவி வந்து உக்காராது. இவரு ஃபேக்டரியில டூல் ரூம் வேலை. ரிட்டயர் ஆனதும் மாடியில ரெண்டு ரூம் எழுப்புவாருன்னு நான் பாத்துக்கினு இருக்கேன், இவரு கடப்பாரை வாங்கிக்கினு வந்து நிக்கறாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சா பிரியாணி கூட வேணாம், நேரா இங்கதான். மொதல்ல இவரு ஒருத்தரு, அப்பறம் ஆட்டோ ரகு, அப்பறம் டேரிலு, அப்பறம் யாரு யாரோ. உங்க டிரஸ்டு வந்ததெல்லாம் கடைசியில.

இந்த மண்ணுல தானா எது மொளைச்சுதோ அதைத்தான் திரும்ப வெக்கணும்னாரு. புங்கை, இலுப்பை, மத்தி, காரை, சூரை, களாக்கா. பார்க்குல வெக்கற செடி ஒண்ணு உள்ள வரக் கூடாது. நான் ஆசையா ஒரு குரோட்டன்ஸ் கொண்டாந்து வெச்சேன். அடுத்த வாரம் பாத்தா எங்க வீட்டு மாடியிலயே திரும்ப இருக்குது, தொட்டியோட. இந்தக் காட்டை நான் சக்களத்தின்னுதான் சொல்லுவேன். அவரு சிரிப்பாரு. பேசித் தொலைக்க மாட்டாரு, சிரிப்பாரு.

ஒரு இலையைக் கூட்டக் கூடாது, கொளுத்தக் கூடாது. விழுந்தது விழுந்த எடத்துலயே மக்கணும். காஞ்ச கட்டை, ஒடிஞ்ச கிளை எல்லாத்தையும் அந்த நடைபாதை ஓரமா குவிச்சு வெப்பாரு. எதுக்குன்னா பூச்சி பொட்டு, ஓணான், எல்லாத்துக்கும் வீடாம். எங்க வீட்டுக்கு வெள்ளையடிச்சு எத்தனை வருஷமாச்சுன்னு தெரியல, இங்க ஓணானுக்கு வீடு கட்டிக்கினு இருந்தாரு.

ஆமா, அந்தக் குவியல்தான். இன்னும் அப்டியேதான் வெச்சிருக்கீங்களா. ம். அவரு வெச்ச மாதிரியே.

ஷூ போட்டு மிதிச்சா மண்ணு கெட்டியாயிரும், மொளைச்சது செத்துரும்னு கேட்டுலயே எல்லாரையும் கழட்டச் சொல்லுவாரு. கோயிலுக்குள்ள பூட்ஸோடயா போறேன்னு கேப்பாரு. கம்பெனியில இருந்து செடி வெக்க வர்ற பிள்ளைங்க ஐயோ அம்மான்னு குதிக்கும். கொஞ்ச நேரத்துல பாத்தா அதுங்களே மெத்து மெத்துன்னு இருக்குதுன்னு மறுபடி போட்டுக்க மாட்டேங்கும். அதெல்லாம் உண்மைதான். நல்லாத்தான் இருந்துச்சு. நானும் நடந்திருக்கேன், வேணாம்னு சொல்லல.

ஆனா இப்ப மழை சீசன் அனுஷா. வழுக்கும்.

காஞ்சிருக்குதா. சரி, கண்ணாடிச் சில்லு கெடக்குமே, குடிக்கறவனுங்க பாட்டிலைப் போட்டு ஒடைப்பானுங்களே. பொறுக்கிட்டீங்களா. முள்ளு? முள்ளுக்குத்துனா ஸ்கூல்காரங்க சும்மா விடுவாங்களா?

என்னது? சூரைச் செடி அத்தனையையும் வேரோட எடுத்துட்டீங்களா? எப்ப? அவரு நெனைவு நாளைக்கா. அவரைக் கொன்ன செடின்னு... அய்யோ. அதைப் பாத்துப் பாத்து வளத்தாரும்மா அவரு. சூரைப் பழம் தின்ன வர்ற குருவியைப் பாக்கறதுக்குன்னே இந்த பெஞ்சைப் போட்டாரு. அது என்ன பாவம் பண்ணுச்சு. சரி, உங்களுக்கு என்ன தெரியும். நல்ல மனசோடதான் செஞ்சிருக்கீங்க. தண்ணி இருக்கா பாட்டில்ல? குடு.

இங்க பாரு, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பிள்ளைங்க வரட்டும். கேட்டுகிட்ட நிக்க வெச்சு ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, பிஸ்கட்டு குடுத்து அனுப்பிருங்க. உள்ள வேணாம்.

அது எனக்கும் தெரியும்மா. அன்னைக்கு கவர்மெண்ட்டு ஆபீசர் வர்றதே பிள்ளைங்க உள்ள நடமாடறதைப் பாக்கத்தான். பக்கத்து லேஅவுட்டுல வீடு வாங்கிக் குடி வந்தவங்க எழுதிக் குடுத்திருக்காங்க, எல்லாத்தையும் வழிச்சுட்டு புல்லு போட்டு, சிமெண்டு பாதை போட்டு, ஊஞ்சல் கட்டி பார்க்காக்கிக் குடுங்கன்னு. வீடு விக்கறப்போ இந்தக் காட்டைக் காட்டித்தானே வித்தானுங்க, ஜன்னலைத் தொறந்தா பச்சைன்னு. குடி வந்ததும் குப்பைங்கறாங்க, கொசுங்கறாங்க, இருட்டாயிருக்குதுங்கறாங்க. ஜனங்களுக்கு உபயோகம் இருக்குதுன்னு சனிக்கிழமை நாம காட்டுனா ஆபீசரு டிரஸ்டுகிட்டயே விட்டுருவாரு. இல்லன்னா ஜேசிபி. இதானே? நான் என்ன சின்னப் பாப்பாவா, இதுகூடப் புரியாம இருக்க.

அப்ப ஷூவாவது போட்டுக்கினு நடக்கட்டும். சாக்ஸு, ஷூ, யூனிஃபார்மோட. பாக்கவும் நீட்டா இருக்கும்.

ஹெட்மிஸ்டரஸ் கேப்பாங்களா. கேட்டா என்ன, ஜெயராஜ் சம்சாரம் சொன்னாங்கன்னு சொல்லு.

காரணம் கேப்பாங்க. ஆமா. கேப்பாங்கதான்.

ஷூ போட்டா மட்டும் என்ன ஆயிரப் போவுது. டேரிலு கம்பெனிப் பிள்ளைங்களுக்கு வெக்கற அந்த வெளையாட்டை வேற வெப்பானே, இலைக்குள்ள கையை விட்டு யாரு மொதல்ல பூச்சியைக் கண்டுபிடிக்கறாங்கன்னு. மொழங்கை வரைக்கும் விட்டுத் துழாவும் பிள்ளைங்க. கைக்கு என்னத்தைப் போடுவே?

உள்ள மரத்துல கட்டியிருக்கற கேமராவுல கீரி மாட்டிருக்குதா? காட்டு. ஆமா, கீரிதான். குட்டியோட போவுது. அழகா இருக்குது. டேரிலு வாட்ஸப்புல ஹார்ட்டு ஹார்ட்டா போட்டிருப்பானே. கீரி வருதுன்னா சும்மா காத்து வாங்கவாம்மா வருது? அதுக்கும் இங்க தீனி இருக்குதுன்னுதானே வருது. ஒண்ணுமில்ல, போனை உள்ள வையி.

நான் ஏன் உள்ள வரலன்னு கேட்டியே. முட்டி வலியெல்லாம் இல்ல. அவரு போனதுல இருந்து நான் உள்ள காலு வெக்கல. வருவேன், இந்த பெஞ்சுல உக்காருவேன், போயிருவேன். அவரு கடைசியா உக்காந்ததும் இங்கதான். நான் அன்னைக்கு சாப்பாடு கொண்டாந்திருந்தேன். லெமன் ரைஸு, உருளைக்கெழங்கு. ரகு, டேரிலு, இன்னும் கம்பெனிப் பிள்ளைங்க கொஞ்சம் பேரு. லேஅவுட்டு செக்ரட்டரியும் வந்திருந்தாரு அன்னைக்குன்னு பாத்து. நீங்க என்னதான் பண்றீங்க உள்ளன்னு பாக்க வந்தேன்னு சொல்லிக்கினு, போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்துக்கினு, இதோ இந்த எடத்துல நிக்கறாரு.

இவரு உள்ள இருந்து வந்தாரு. வெறுங்காலோட. நொண்டிக்கினு. என்னங்கன்னேன். முள்ளு, சூரை முள்ளுன்னாரு. சிரிச்சுக்கினே சொன்னாரு. செக்ரட்டரி கூட, பாத்து சார், இதுக்குத்தான் பார்க்கு வேணுங்கறோம்னு ஜோக் அடிச்சாரு. இவரும் சிரிச்சாரு. உக்காந்தாரு. லெமன் ரைஸை வேணாம்னுட்டாரு. அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆச்சு, லெமன் ரைஸை வேணாம்னு சொல்ற மனுஷன் இல்ல அவரு. வீட்டுக்குப் போலாம் ஜோசின்னாரு. ரகு ஆட்டோவுல ஏறுனோம். வழியெல்லாம் கையை இறுக்கிப் பிடிச்சுக்கினு வந்தாரு. சில்க் போர்டு டிராஃபிக்கு, உனக்குத் தெரியாததா. ஒரு எடத்துல நின்னா நின்ன எடம்தான். வழியில பெரிய ஆஸ்பத்திரி இருக்குது. அதைத் தாண்டித்தான் போனோம். காட்டிட்டுப் போலாமா, ஊசி போட்டுக்கலாமான்னு கேட்டேன். முள்ளுக்கு எதுக்கு ஊசின்னாரு. ரகுவும் ஆமா சார்னான்.

முள்ளு குத்தி செப்டிக் ஆயி, கிட்னி போயி செத்துட்டாருன்னு ஊரே சொல்லுது. நீங்க போர்டுலயே எழுதிட்டீங்க.

முள்ளு இல்ல அது. கண்ணாடி விரியன்.

ஆமாம்மா. அந்தக் குவியல்கிட்டதான். கட்டை ஒண்ணு சரிஞ்சிருந்துச்சாம், நேரா வெக்கலாம்னு போயிருக்காரு. இலைக்குள்ள படுத்திருந்திருக்குது, இலையும் அதுவும் ஒரே நெறம். அவரு கண்ணால பாத்துட்டாரு. என்னன்னு தெரிஞ்சேதான் வெளிய வந்து சிரிச்சாரு. செக்ரட்டரி போனைப் பிடிச்சுக்கினு நிக்கறான். பாம்புன்னு ஒரு வார்த்தை வாயில இருந்து வந்திருந்தா அடுத்த வாரம் ஜேசிபி வந்திருக்கும். ஆட்டோவுல சொல்லியிருக்கலாமே என்கிட்டயாவது. ரகு முன்னால ஓட்டறான். ரகுவுக்கு ஓட்டை வாயி, அத்திபெலே ஸ்டாண்டு பூரா அன்னைக்கே தெரிஞ்சிரும். அதனால அவ்ளோ தூரம் வாயைத் தொறக்கல. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிட்டு, அப்பறம்தான் சொன்னாரு. பேன்ட்டைத் தூக்குனா காலு தொடை வரைக்கும் ஊதியிருக்குது. ஈறுல ரத்தம். எனக்கு உசுரே இல்ல. அப்பக்கூட என்ன சொல்றாரு தெரியுமா? டாக்டர் கேட்டா நம்ம வீட்டு சாக்கடை மோரிகிட்ட கடிச்சுதுன்னு சொல்லு ஜோசி, காட்டை வெட்டிருவாங்க.

சொன்னேன். மோரிகிட்டன்னுதான் சொன்னேன். ஊசி போட்டாங்க, ஆனா லேட்டு. டயாலிசிஸ் பண்ணாங்க. டேரிலு, ரகு எல்லாம் பாக்க வந்தப்போ அவரு என் மூஞ்சியையே பாத்தாரு. நான் செப்டிக்குன்னேன். கண்ணை மூடிக்கினாரு, நிம்மதியா. எனக்கு அப்ப வந்த கோவம் இருக்குதே, சாகப் போற மனுஷன் மேல அப்டி ஒரு கோவம் வரலாமா? இன்னும் இருக்குது. என்னைவிட இந்த எலையும் கட்டையும் பெருசாப் போச்சா உனக்குன்னு தெனம் அவரு போட்டோவைப் பாத்துக் கேக்கறேன்.

ஜூலியாவுக்கும் தெரியாது. ஃபாதர்கிட்ட மட்டும் சொன்னேன். ஜெபம் பண்ணும்மான்னாரு. அவருக்கென்ன. மெல்லவும் முடியல முழுங்கவும் முடியல எனக்கு. சொன்னா அவரு எதுக்குச் செத்தாரோ அது போயிரும். பாம்புன்னா படையே நடுங்கும், லேஅவுட்டு நடுங்காதா? ஆபீசர் மேல தப்பு சொல்ல முடியுமா? யாரா இருந்தாலும் வெட்டத்தான் சொல்லுவாங்க. சொல்லாம இருந்தா, சனிக்கிழமை அந்தப் பிள்ளைங்க. இத்தனை நாளா பெரியவங்கதான் வந்தாங்க, கடப்பாரை, மம்முட்டியோட, சத்தம் போட்டுக்கினு. அதனால ஆண்டவரே பாத்துக்குவாருன்னு நானும் வாயை மூடிக்கினு இருந்துட்டேன். இது குட்டிப் பசங்கம்மா. எல்கேஜி யூகேஜி.

குவியலைக் கலைச்சுரலாம்ங்கற. கலைச்சா அது எங்க போவும்? நேரா லேஅவுட்டு வீட்டுக்குத்தான் போவும். பிடிக்கறவனைக் கூப்டலாம், கூப்ட்டா மறுநாளே ஊருக்குத் தெரியும். ஒண்ணுதான் இருக்குதுன்னு யாரு கண்டா. விரியன் முட்டை போடாது, குட்டியாத்தான் போடும், இதே சீசன்லதான் போடும். அவரு சொல்லிக் குடுத்ததுதான் இதுவும்.

நான் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன் கண்ணு. ஒரு வருஷமா இதைத் தவிர வேற ஒண்ணையும் யோசிக்கல. உனக்கு ஏதாவது தோணுதா சொல்லு. நீ படிச்ச பொண்ணு. ஏதாவது ஒரு வழி இருக்கும்னுதான் நானும் பஸ் ஏறி வந்தேன்.

நீ எதுக்கு அழுவறே இப்ப. உன் தலையில இதைப் போட்டுட்டுப் போறேன்னு எனக்கே கேவலமாத்தான் இருக்குது.

உன் போன் அடிக்குது பாரு. யாரு, ஹெட்மிஸ்டரஸா? சனிக்கிழமைக்குத்தான் கேப்பாங்க. எடும்மா. நீ என்ன சொல்றியோ அதுதான். நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிறேன்.